கயித்துல தொங்கி பாறை இறங்கப் போறீங்களா? முதல் தடவைன்னா இதைப் படிச்சிட்டுப் போங்க

பாறை ஏறிப் பழகினவங்க யாரையாவது பிடிச்சுக் கேட்டுப் பாருங்க, ஏறும்போது பயமா இறங்கும்போது பயமான்னு. நிறைய பேர் கொஞ்சம் யோசிச்சிட்டு இறங்கும்போதுதான்னு சொல்லுவாங்க. ஏறும்போது நம்ம கையும் காலும் பாறையைப் பிடிச்சிருக்கு, கயிறு சும்மா துணைக்குக் கூட வருது, வழுக்கினா மட்டும்தான் அதுக்கு வேலை. இறங்கும்போது அப்படி இல்ல, முதல் அடியிலேர்ந்து கடைசி அடி வரைக்கும் மொத்த எடையும் கயித்து மேல, கயிறு மேல கட்டின ஆங்கர் மேல, அதாவது பாறையிலயோ மரத்துலயோ கயித்தைக் கட்டி வைக்கிற பிடிப்பு மேல, நடுவுல உள்ளங்கை அளவுக்கு ஒரு அலுமினியத் துண்டு, அவ்ளோதான். இதுல எது ஒண்ணு விட்டுப்போனாலும் நம்மளைப் பிடிக்க வேற ஒண்ணு இல்ல, நாமளே முன்கூட்டி ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தா ஒழிய.

ஆனா வேடிக்கை பார்க்கிறவங்களுக்கு இது ரொம்ப ஈஸியா தெரியும். ஹெலிகாப்டர்லேர்ந்து கமாண்டோ சர்ருன்னு இறங்குற மாதிரி காட்டிக் காட்டியே நம்ம மண்டையைக் கெடுத்து வெச்சிருக்காங்க. நிஜத்துல நல்லா இறங்குறவங்களைப் பார்த்தீங்கன்னா போரடிக்கும், மாடிப்படி இறங்குற மாதிரி நிதானமா நடந்து வந்து சேருவாங்க. அந்த போரடிக்கிற இறக்கம் எப்படின்னுதான் இங்க சொல்லப் போறேன். இதைப் படிச்சிட்டு ஒரு கயித்தை வாங்கிட்டு தனியா கிளம்பிடாதீங்க, முதல் பத்துப் பதினஞ்சு தடவை தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்கணும். அவங்க செய்யுறது ஒவ்வொண்ணும் ஏன்னு புரியணும்ல, அதுக்குத்தான் இது.

பேரு விஷயம் ஒண்ணு சொல்லிடுறேன். ரேப்பலிங்னு சொல்றாங்க, அப்செய்லிங்னும் சொல்றாங்க, ரெண்டும் ஒண்ணுதான். முதலாவது பிரெஞ்சு, திரும்பக் கூப்பிடுறதுன்னு அர்த்தம், அதாவது நாம இறங்கினப்புறம் கயித்தையும் கீழ இழுத்துக்கிறோம் பாருங்க, அது. ரெண்டாவது ஜெர்மன், கயித்துல கீழ இறங்குறதுன்னு நேரடியாவே பொருள். நூறு வருஷத்துக்கு முன்னாடி ஹான்ஸ் டூல்ஃபர்னு ஒரு ஜெர்மன்காரர் பேர்ல ஒரு முறை இருந்துச்சு, ஹார்னஸும், அதாவது இடுப்புலயும் தொடையிலயும் கட்டுற பட்டையும் கிடையாது ஒண்ணும் கிடையாது, கயித்தை ரெண்டு காலுக்கு நடுவுல விட்டு தொடையைச் சுத்தி மார்புக்கு குறுக்கால கொண்டுவந்து எதிர்த் தோள் மேல போட்டு அந்த உரசல்லயே இறங்குவாங்க. தொடையும் தோளும் வெந்துபோகும். நமக்கு இன்னைக்கு அந்தக் கஷ்டம் இல்ல.

சாமான் என்னென்ன

கயித்துலேர்ந்து ஆரம்பிப்போம். ரெண்டு வகை இருக்கு, டைனமிக், ஸ்டாட்டிக். டைனமிக் நீளும், ஏறும்போது விழுந்தா அந்த அதிர்ச்சியை வாங்கிக்கிறதுக்காகவே அப்படிச் செஞ்சது. ஸ்டாட்டிக் அவ்வளவா நீளாது. வெறும் இறக்கத்துக்குன்னா ஸ்டாட்டிக்தான் நல்லது, ஏன்னா 30 மீட்டர் கயித்துல ஒரு ஆள் தொங்கினா டைனமிக் சுமாரா 2 மீட்டர், அதுக்கு மேலயும்கூட நீளும், நாம ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அது ரப்பர் மாதிரி மேலயும் கீழயும் ஆடும், அந்த ஆட்டத்துல மேல பாறை விளிம்புல கயிறு ரம்பம் மாதிரி அறுபட்டுக்கிட்டே இருக்கும். ஸ்டாட்டிக்ல இந்தத் தொல்லை கம்மி. ஆனா ஸ்டாட்டிக் கயித்தைக் கட்டிட்டு மேல ஏறிடாதீங்க, விழுந்தா கயிறு அறுதோ இல்லையோ இடுப்பு போயிடும். தடிமன் 10, 11 மில்லிமீட்டர் இருந்தா புதுசா வர்றவங்களுக்கு வசதி, மெல்லிசா இருந்தா கைக்குப் பிடி கிடைக்காது, வேகமும் கூடிடும்.

ஹார்னஸை இடுப்பு எலும்புக்கு மேல கட்டணும், நிறைய பேர் பேண்ட் பெல்ட் மாதிரி கீழ கட்டுறாங்க, தலைகீழா ஆனா உருவிக்கிட்டுப் போயிடும். இறுக்கினப்புறம் ரெண்டு கையால கீழ இழுத்துப் பாருங்க, இடுப்பைத் தாண்டி இறங்கக் கூடாது. முன்னாடி நடுவுல ஒரு தடிமனான வளையம் இருக்கும், பிலே லூப்னு பேரு, எல்லாம் அதுலதான் மாட்டுறோம். அது தேஞ்சிருக்கா, நூல் பிரிஞ்சிருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க. டாட் ஸ்கின்னர்னு அமெரிக்காவுல ரொம்பப் பெரிய ஏறுகாரர், 2006ல யோசமிட்டில இறங்கிட்டு இருக்கும்போது தேஞ்சு போன பிலே லூப் அறுந்துதான் இறந்தார். வாழ்க்கை முழுக்க பாறையிலயே இருந்தவர் அவர்.

காரபைனர், அதாவது சாமானையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மாட்டுற உலோகக் கொக்கி, ஸ்க்ரூ வெச்சதா இருக்கணும், திருகிப் பூட்டுற மாதிரி. அதோட முதுகுல கிலோநியூட்டன்னு எண் போட்டிருக்கும், ஒரு கிலோநியூட்டன்னா தோராயமா 100 கிலோ எடைன்னு வெச்சுக்கோங்க. நீளவாட்டுல 22ன்னு இருக்கிற அதே காரபைனர்ல குறுக்கால 7 இல்லாட்டி 8னுதான் இருக்கும். அதனால அது திரும்பி பக்கவாட்டுல எடை வாங்காம பார்த்துக்கணும். ஹெல்மெட் பத்தி நான் பேசவே போறதில்ல, போடலைன்னா வராதீங்க.

அப்புறம் இறங்குற கருவி. எட்டு மாதிரி இருக்கிற ஃபிகர் எயிட், ரெண்டு ஓட்டை வெச்ச ட்யூப் மாதிரி ஒண்ணு, இந்த ரெண்டும்தான் அதிகம் பார்ப்பீங்க. எட்டுல கயித்தை மாட்டுறது சுலபம், ஸ்மூத்தா இறங்கும், ஆனா கயித்தை முறுக்கி விட்டுரும், கீழ போய்ப் பார்த்தா பழைய டெலிஃபோன் வயர் மாதிரி சுருண்டு கிடக்கும். ஒரு விளிம்பு மேல உரசும்போது கயிறு எட்டோட மேல் வளையத்துக்கு ஏறி தானா சுருக்கு போட்டுக்கிறதும் நடக்கும், அப்புறம் நடுவழியில தொங்க வேண்டியதுதான். முதல்ல கத்துக்க ட்யூப்தான் என் சாய்ஸ். இதைப் பத்தி சண்டை போட ஆள் இருக்காங்க, போடட்டும்.

இது போக கையுறை, ஒரு 120 சென்டிமீட்டர் ஸ்லிங், அதாவது வளையமா தைச்ச நாடா, ஒரு டெதர், அதாவது நம்மளை ஆங்கரோட கட்டி வெச்சுக்கிற குட்டைக் கயிறு, 6 மில்லிமீட்டர் கயித்துல கட்டின ஒரு சின்ன வளையம், ரெண்டு மூணு எக்ஸ்ட்ரா காரபைனர். அந்த சின்ன வளையம்தான் இந்த லிஸ்ட்லயே மலிவான சாமான், நம்ம உயிரை வெச்சிருக்கிறதும் அதுதான், அதைப் பத்தி கீழ தனியா சொல்றேன்.

ஆங்கர்

புதுசா வர்றவங்க ஆங்கர் கட்ட வேண்டாம், ஆனா கட்டினதைப் பார்க்கத் தெரியணும். முதல் கேள்வி, ரெண்டு தனித்தனி பிடிப்பு இருக்கா? ஒண்ணு பிடுங்கிக்கிட்டாலும் இன்னொண்ணு தாங்கணும். பாறையில அடிச்ச போல்ட்னா விரலால ஆட்டிப் பாருங்க, சுத்துதா, துருப்பிடிச்சு ஒழுகின கறை இருக்கா. மரம்னா உயிரோட இருக்கணும், வேர் மண்ணுல நல்லா இறங்கியிருக்கணும், தொடையை விட தடிமனா இருக்கணும், கயித்தை அடிமரத்துல கட்டணும். பாறைக் குண்டுன்னா உதைச்சுப் பாருங்க, அசைஞ்சா வேற இடம் தேடுங்க.

அடுத்தது கோணம். ரெண்டு போல்ட்லேர்ந்து ஸ்லிங் வந்து நடுவுல சேருது இல்லையா, அந்த சேர்ற இடத்துல கோணம் சின்னதா இருக்கணும். 80 கிலோ ஆள் தொங்குறார்னு வைங்க, கோணம் 60 டிகிரின்னா ஒவ்வொரு போல்ட்டுக்கும் சுமார் 46 கிலோ வருது. அதுவே 120 டிகிரிக்கு விரிச்சிட்டீங்கன்னா ஒவ்வொண்ணுக்கும் முழுசா 80 கிலோ. ரெண்டு போல்ட் இருந்தும் பாரம் பாதியாகல பாருங்க. அதனால 60க்குள்ள வெச்சுக்கோங்கன்னு சொல்றது.

மூணாவது, கயிறு போறது உலோக வளையத்துக்குள்ள தான் போகணும், துணி ஸ்லிங் மேல நேரடியா போகக்கூடாது. கீழ இறங்கினப்புறம் கயித்தை இழுக்கும்போது ஸ்லிங் மேல உரசி சூடு ஏறும், நைலான் 200 டிகிரிக்கு மேலதான் உருகும், டைனீமா மாதிரி புது வகை ஸ்லிங் 145 டிகிரியிலயே உருகிடும். முன்னாடி போனவங்க யாரோ விட்டுட்டுப் போன வெளுத்துப்போன ஸ்லிங் ஆங்கர்ல தொங்கினா அதை நம்பாதீங்க, எத்தனை தடவை அது மேல கயிறு இழுத்தாங்களோ, எத்தனை வருஷம் வெயில்ல கிடந்துச்சோ.

கயித்தோட நடுவும் முனையும்

கயித்தை வளையத்துக்குள்ள விட்டு சரிபாதியா மடிச்சு ரெண்டு பக்கமும் தொங்க விடுறதுதான் வழக்கம், அப்பத்தான் கீழ போய் ஒரு பக்கத்தைப் பிடிச்சு இழுத்தா கயிறு திரும்ப கிடைக்கும். 60 மீட்டர் கயிறுன்னா 30 மீட்டர்தான் இறங்க முடியும், இதை மறந்துடாதீங்க. நடுவுல மார்க் இருந்தா அது வளையத்துக்கிட்ட இருக்கணும். மார்க் இல்லைன்னா ரெண்டு முனையையும் ஒண்ணா பிடிச்சு அங்கேர்ந்து நடு வரைக்கும் ஓட்டிட்டு வரணும், சோம்பேறித்தனம் பண்ணக் கூடாது.

அதுக்கப்புறம் ரெண்டு முனையிலயும் தனித்தனியா ஒரு பெரிய முடிச்சு. ஒரு ஜாண் வால் மிச்சம் இருக்கிற மாதிரி போட்டு இறுக்கிடுங்க. கயிறு தரை வரைக்கும் எட்டலைன்னா இந்த முடிச்சு கருவியில வந்து முட்டி நம்மளை நிறுத்திடும், இல்லைன்னா முனை கருவி வழியா நழுவி அப்படியே வெளிய போயிடும், நாமளும் கூடவே. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சும்மா சொல்லி வைக்கல. பிராட் கோப்ரைட், கயிறே இல்லாம பெரிய பாறையெல்லாம் ஏறினவர், 2019 நவம்பர்ல மெக்சிகோவுல எல் பொட்ரேரோ சிக்கோங்கிற இடத்துல ஒரே கயித்தோட ரெண்டு பக்கத்துல ரெண்டு பேரா ஒரே நேரத்துல இறங்கினாங்க. ரெண்டு முனையும் சமமா இல்ல, முனையில முடிச்சும் இல்ல. குட்டையா இருந்த பக்கம் தீர்ந்துபோச்சு. முடிச்சு போட அரை நிமிஷம்கூட ஆகாது.

ரெண்டு கயித்தை சேர்த்துக் கட்டி நீளமா இறங்குற வேலையெல்லாம் பின்னாடி கத்துக்கலாம், அதுக்கு தனி முடிச்சு இருக்கு. ஒரு எச்சரிக்கை மட்டும், ரெண்டு கயித்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எட்டு முடிச்சு போடாதீங்க, எடை வந்தா அது உருண்டு உருண்டு வால் பக்கமா போய் அவுந்துக்கும். சாதாரண ஒத்தை முடிச்சே அந்த இடத்துல பெட்டர், வால் 30 சென்டிமீட்டருக்கு மேல விட்டு ஒவ்வொரு இழையா இறுக்கினா போதும்.

கயித்தை வீசுறதுக்கு முன்னாடி கீழ ஆள் இருக்காங்களான்னு பார்த்து “கயிறூ”ன்னு சத்தமா கத்துங்க, ரெண்டு நொடி விட்டு வீசுங்க. மொத்தமா ஒரு பந்தா வீசினா புதர்ல மாட்டிக்கும், ரெண்டு சுருளா பிரிச்சு ஆங்கர் பக்கத்துச் சுருளை முதல்ல, முனைப் பக்கத்தை அடுத்து வீசுங்க. காத்து அடிக்குதுன்னா வீசவே வேண்டாம், பையில போட்டு இடுப்புல மாட்டிக்கிட்டு போகப் போக விட்டுக்கிட்டே இறங்கலாம்.

மாட்டுறதும் சரிபார்க்கிறதும்

முதல்ல டெதரை ஆங்கர்ல மாட்டி பூட்டிடுங்க, விளிம்புக்கிட்ட போறதுக்கு முன்னாடியே. மாட்டாம எட்டிப் பார்க்கிறது, ஃபோட்டோ எடுக்கிறது எதுவும் வேண்டாம்.

அடுத்து கருவியை நேரா பிலே லூப்ல மாட்டாம, ஸ்லிங்கை பிலே லூப்ல கோர்த்து அதோட முனையில கருவியை வெச்சு கொஞ்சம் தள்ளி, நெஞ்சு உயரத்துக்கு வர்ற மாதிரி வெச்சுக்கோங்க. கயித்தோட ரெண்டு இழையையும் ட்யூப்போட ரெண்டு ஓட்டைக்குள்ள வளைச்சு விட்டு, வந்த ரெண்டு வளைவையும் காரபைனர்ல பிடிச்சுப் பூட்டணும். கருவிக்குக் கீழ வர்ற கயித்துல அந்த 6 மில்லிமீட்டர் வளையத்தை நாலஞ்சு சுத்து சுத்தி, ரெண்டு கண்ணையும் ஒரு காரபைனர்ல சேர்த்து பிலே லூப்ல பூட்டிடுங்க. இதை ஆட்டோபிளாக்னு சொல்லுவாங்க. கையால கீழ தள்ளிக்கிட்டே வந்தா கயித்துல வழுக்கிக்கிட்டு வரும், கையை விட்டுட்டா கயித்தை இறுக்கிப் பிடிச்சுக்கும். தலையில கல்லு விழுந்து மயங்கினாலும், தேனீ கொட்டி ரெண்டு கையையும் விட்டாலும் நாம அங்கயே நிப்போம். இதே குடும்பத்துல மூத்தது ப்ரூசிக் முடிச்சு, கார்ல் ப்ரூசிக்னு ஒரு ஆஸ்திரியக்காரர் 1931ல அறிமுகப்படுத்தினார், அதுல பிடி இன்னும் பலம், ஆனா எடை வந்துட்டா தளர்த்துறது கஷ்டம், அதனால இறக்கத்துக்கு ஆட்டோபிளாக்தான் தோது.

கருவியைத் தள்ளி வைக்கச் சொன்னதுக்கு காரணம் இந்த முடிச்சுதான். கருவி கிட்டவே இருந்தா முடிச்சு மேல போய் அதுல முட்டி தளர்ந்துரும், அப்புறம் பிடிக்காது. சுத்தினப்புறம் நீளத்தை அளந்து பாருங்க, எவ்வளவு மேல இழுத்தாலும் கருவியைத் தொடக்கூடாது.

இப்ப சரிபார்க்கணும். மேலேர்ந்து கீழ வாங்க. ஆங்கர், வளையத்துல கயிறு, கருவி, காரபைனர் ஸ்க்ரூ, ஆட்டோபிளாக், ஹார்னஸ் பக்கிள், ஹெல்மெட் பட்டை, கயித்து முனை முடிச்சு. கண்ணால பார்த்தா பத்தாது, ஒவ்வொண்ணையும் விரலால தொட்டு, காரபைனரை அமுக்கித் திறக்குதான்னு பார்க்கணும். அப்புறம் கூட இருக்கிறவங்க நம்மளோடதை அதே மாதிரி தொட்டுப் பார்க்கணும். பேச்சுக் கொடுத்தா பதில் சொல்லாதீங்க, பாதியில விட்டுட்டா திரும்ப முதல்லேர்ந்து.

கடைசியா ஒண்ணு இருக்கு, இதை மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் தகும். டெதர் மாட்டினபடியே இருக்கும்போது, மொத்த எடையையும் கயித்துல விட்டு உட்கார்ந்து பாருங்க. டெதர் தளர்ந்து தொங்கணும், கயிறும் கருவியும் மட்டும் தாங்கணும். அதுக்கப்புறம்தான் டெதரைக் கழட்டணும்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். ஏழெட்டு தடவை இறங்கியாச்சு, கொஞ்சம் கெத்து வந்திருந்த சமயம். சாயங்காலம், எல்லாரும் கீழ போயாச்சு, நான் கடைசி. மாட்டினேன், பூட்டினேன், திருகினேன், எல்லாம் சரியா இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு. டெதரோட உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் மேல வளையத்துல சர்ருன்னு ஒரு சத்தம், இடது பக்கத்துக் கயிறு மேல போகுது, வலது பக்கம் கீழ வருது, நானும் ஒரு அடி இறங்கி டெதர்ல டக்குன்னு நின்னுட்டேன். குனிஞ்சு பார்த்தா ரெண்டு வளைவுல ஒண்ணுதான் காரபைனர்ல விழுந்திருக்கு, இன்னொண்ணு ஓட்டைக்குள்ள போயிருக்கே தவிர காரபைனருக்கு வெளிய சும்மா ஒட்டிக்கிட்டு நிக்குது. மேலேர்ந்து பார்த்தா வித்தியாசமே தெரியாது. அந்த ஒரு அடி மட்டும் போகாம இருந்திருந்தா நான் டெதரைக் கழட்டியிருப்பேன். கை நடுக்கம் நிக்க பத்து நிமிஷம் ஆச்சு, அப்புறம் எல்லாத்தையும் கழட்டி முதல்லேர்ந்து மாட்டினேன்.

விளிம்பைத் தாண்டுறது

கஷ்டமான இடம் இந்த முதல் ரெண்டு மீட்டர்தான். உடம்பு முன்னாடி சாயச் சொல்லும், பாறையைக் கட்டிப் பிடிக்கச் சொல்லும், அது சொல்றதைக் கேட்டா கால் வழுக்கி முகம் பாறையில மோதும். பின்னாடி சாயணும். நாற்காலியில உட்கார்ற மாதிரி இடுப்பை வெளிய தள்ளி, கால் ரெண்டும் தோள் அகலத்துக்கு விரிச்சு, பாதம் முழுசா பாறையில படுற மாதிரி, முட்டியை லேசா மடக்கி. கால் பாறைக்கு செங்குத்தா இருந்தா ஷூ பிடிக்கும், நேரா நிமிர்ந்து நின்னா வழுக்கும், அவ்ளோதான் கணக்கு. முதல் தடவை இதை யாரும் நம்புறதில்ல, நம்பிச் சாய்ஞ்ச அடுத்த நொடியில கால் கெட்டியா ஒட்டுறது தெரியும்.

எந்தக் கை பிரேக்குன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க, வலது கைக்காரங்களுக்கு வலது. அந்தக் கை கருவிக்குக் கீழ இருக்கிற கயித்தைப் பிடிச்சு இடுப்புப் பக்கமா இருக்கும், கீழ இறங்கிச் சேர்ற வரைக்கும் அது கயித்தை விடவே கூடாது. கை மாத்தணும்னா முதல்ல மத்த கை வந்து பிடிக்கணும், அப்புறம்தான் இது விடணும். ஆட்டோபிளாக் இருக்கேன்னு கையை விட்டுப் பழகாதீங்க, அது காப்புக்காகத்தான். புதுசா வர்றவங்க மேல இருக்கிற கயித்தை இடது கையால இறுக்கிப் பிடிச்சுப்பாங்க, அது ஒண்ணும் உதவாது, கைதான் வலிக்கும், நம்மளைத் தாங்குறது கீழ இருக்கிற கை.

விளிம்பு கூர்மையா இருந்தா கயித்துக்குக் கீழ ரோப் ப்ரொடெக்டர், இல்லைன்னா ஒரு தடிமனான துணியாவது போடணும். இறங்கும்போது பக்கவாட்டுல ஊஞ்சலாடாதீங்க, எடை தாங்கின கயிறு கூரான விளிம்புல குறுக்க நகர்ந்தா கத்தியில வெச்சு அறுக்கிறதுக்குச் சமம்.

இறங்கும்போது

சின்னச் சின்ன அடியா நடங்க. குதிச்சுக் குதிச்சுப் போனா ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் ஆங்கருக்கு வர்ற எடை நம்ம எடையை விட அதிகமாயிடும், கருவியும் கொதிக்கும். வேகமா 30 மீட்டர் இறங்கிட்டு கருவியை வெறுங்கையால தொட்டுப் பாருங்க, இல்ல தொடாதீங்க, நான் தொட்டிருக்கேன். அந்தச் சூட்டோட ஒரே இடத்துல நின்னா கயித்தோட மேல் உறை பளபளன்னு உருகிப்போன மாதிரி ஆயிடும்.

பிரேக் பக்கத்துத் தோள் வழியா அப்பப்ப கீழ பாருங்க, கால் எங்க வைக்கப் போறோம், கயிறு சிக்கியிருக்கா, முனை தெரியுதா. சிக்கல் இருந்தா அதுக்கு மேலயே நின்னு அவுத்துட்டுப் போகணும், தாண்டிப் போயிட்டு திரும்பி ஏற முடியாது. பாறை உள்ள குடைஞ்சு போயிருக்கிற இடம் வந்தா, காலை விளிம்புலயே வெச்சுக்கிட்டு இடுப்பு காலுக்குக் கீழ போற வரைக்கும் இறங்கி, அப்புறம் மெதுவா காலை எடுங்க, இல்லைன்னா கை விரல் கயித்துக்கும் விளிம்புக்கும் நடுவுல நசுங்கும்.

நடுவுல கை ரெண்டும் வேணும்னா, ஆட்டோபிளாக்கை இறுக விட்டுட்டு, பிரேக் கயித்தை தொடையைச் சுத்தி மூணு சுத்து சுத்திக்கோங்க, ரெண்டாவது காப்பு. தலைமுடி, தாவணி, துப்பட்டா, சட்டை நுனி, ஹெல்மெட் பட்டை, இதெல்லாம் கருவிக்குள்ள போறது சாதாரணமா நடக்கும். முடியை முன்னாடியே கட்டி காலருக்குள்ள விட்டுருங்க. மாட்டிக்கிச்சுன்னா கத்தியை எடுக்காதீங்க, எடை ஏறின கயித்துல கத்தி லேசா பட்டாலே அறுந்துரும். இன்னொரு ப்ரூசிக் வளையத்தை கருவிக்கு மேல போட்டு, அதுல ஸ்லிங்கை மாட்டி காலை வெச்சு எழுந்து நின்னா கருவியில எடை போயிடும், அப்ப மாட்டினதை இழுத்து எடுக்கலாம். இதைத் தரையிலயே பத்து தடவை பண்ணிப் பாருங்க.

“கல்லு”ன்னு மேலேர்ந்து சத்தம் வந்தா நிமிர்ந்து பார்க்காதீங்க. பாறையோட ஒட்டி, தோளைக் குறுக்கி, ஹெல்மெட் மட்டும் வெளிய தெரியுற மாதிரி இருங்க. நாமளே தட்டிவிட்டாலும் சின்னக் கல்லுன்னு வெக்கப்படாம கத்தணும்.

புதுசா ஒருத்தர் இறங்கும்போது கீழ ஒருத்தர் கயித்து முனையைப் பிடிச்சிருக்கணும். இறங்குறவர் கை விட்டாலும் கீழ இருக்கிறவர் கயித்தை இழுத்தா கருவி இறுகி நின்னுரும். ஆனா அவர் நேர் கீழ நிக்கக் கூடாது, கல்லு வந்தா அவர் தலைக்குத்தான் வரும், அதுவும் ஃபோனை நோண்டிட்டு இருக்கிறவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார். முதல் தடவைன்னா இன்னும் ஒரு படி மேல போய், வேற ஆங்கர்ல வேற கயிறு கட்டி மேலேர்ந்தே ஒருத்தர் பிலே பண்ணச் சொல்லிக் கேளுங்க, அதாவது நாம விழுந்தா நிறுத்துற மாதிரி அந்தக் கயித்தை அவர் பிடிச்சுக்கிட்டே விடணும், இதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணுமில்ல.

யாராவது மயங்கி ஹார்னஸ்ல அசையாம தொங்குறாங்கன்னா உடனே இறக்கணும், அப்புறம் பார்த்துக்கலாம்னு விடக்கூடாது. அசைவில்லாம தொங்கினா ரத்தம் காலுலயே தங்கி உயிருக்கே ஆபத்தாயிடும்.

கீழ வந்து சேர்ந்ததும்

முதல்ல ரெண்டு காலும் தரையில நல்லா நிக்கட்டும், அப்புறம் கருவியைக் கழட்டி, கல்லு விழுற இடத்தை விட்டு விலகிப் போய் “கயிறு ஃப்ரீ”ன்னு கத்துங்க. காத்துல, தண்ணிச் சத்தத்துல குரல் எட்டாது, அதனால விசில் எத்தனை ஊதினா என்ன அர்த்தம்னு மேலயே பேசி வெச்சிருக்கணும். முதல்ல இறங்கினவர் கயித்தை ரெண்டு மூணு அடி இழுத்து நகருதான்னு பார்க்கணும், மேல ஆள் இருக்கும்போதே பார்த்தாத்தான் சரி பண்ண முடியும்.

எல்லாரும் வந்ததும் கயித்தை இழுக்கிறதுக்கு முன்னாடி முனை முடிச்சை அவுக்கணும், ரெண்டையும். நாங்க ஒரு தடவை மறந்தோம். பாதி இழுத்தாச்சு, மேல போன முனையில இருந்த முடிச்சு வளையத்துல போய் சிக்கிக்கிச்சு, இருட்டப் போகுது, மூணு பேரு கீழ நின்னு அண்ணாந்து பார்த்துட்டு இருக்கோம். ஒருத்தன் அந்தக் கயித்தைப் பிடிச்சே மேல ஏறுறேன்னு கிளம்பினான், சட்டையைப் பிடிச்சு நிறுத்தினோம். மேல எதுல சிக்கியிருக்குன்னு தெரியாத கயித்துல ஏறக்கூடாது, பாதி ஏறும்போது விடுபட்டா முடிஞ்சது. கயித்தை அங்கயே விட்டுட்டு வந்து மறுநாள் வேற வழியா சுத்திப் போய் எடுத்தோம்.

அருவியில இறங்குறது வேற வித்தைன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. அங்க முனையில முடிச்சு போட்டா, தண்ணி அடிக்கிற இடத்துல நடுவுல மாட்டிக்கிட்டு மூச்சு முட்டிடும், அதுக்குன்னு மேலேர்ந்தே தளர்த்தி விடுற மாதிரி கயிறு கட்டுறாங்க. பாறையில கத்துக்கிட்டதை அப்படியே அங்க கொண்டு போகாதீங்க. இடி மின்னல்னா பாறை பக்கமே போக வேண்டாம்.

வீட்டுக்கு வந்து கயித்தை ஒரு முனையிலேர்ந்து இன்னொரு முனை வரைக்கும் விரலுக்கு நடுவுல விட்டு உருவிப் பாருங்க. எங்கயாவது மெத்துன்னு அமுங்குதா, தட்டையா இருக்கா, உறை கிழிஞ்சு உள்ள வெள்ளையா திரி தெரியுதா, அப்படின்னா அந்த இடத்துல வெட்டிடணும், இல்ல கயித்தையே ஓரங்கட்டணும். மண்ணு ஒட்டியிருந்தா பச்சைத் தண்ணியில அலசி நிழல்ல காயப் போடுங்க, வெயில்ல வேண்டாம். கார் டிக்கியில பேட்டரி பக்கத்துல மட்டும் வைக்காதீங்க, ஆசிட் ஆவி பட்டா நைலான் உள்ளுக்குள்ளயே செத்துப்போகும், வெளிய பார்த்தா புதுசு மாதிரிதான் இருக்கும். தொடாமலே வெச்சிருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல பயன்படுத்தாதீங்கன்னுதான் கயிறு செய்யுறவங்க பொதுவா சொல்றாங்க.

பழகுறதுக்கு உயரம் தேவையில்ல. சாய்வா அஞ்சாறு மீட்டர் இருக்கிற ஒரு சரிவு போதும், அதுல ஒரு நாள் முழுக்க ஏறி ஏறி இறங்குங்க. அதுக்கும் முன்னாடி, ஒரு மரக்கிளையில கயித்தைப் போட்டு தரையிலேர்ந்து ஒரு அடி உயரத்துல தொங்கிக்கிட்டு, கருவியை மாட்டுறது, ஆட்டோபிளாக் சுத்துறது, தொடையில சுத்துறது, சிக்கினதை எடுக்கிறது எல்லாத்தையும் பண்ணுங்க. பண்ணிட்டு ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டு பண்ணுங்க, கையுறை போட்டுக்கிட்டு.